குளிர்கால வீட்டில் எச்.ஆர்.வி.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் 2017க்குப் பிறகு அனுமதி எடுத்துக் கட்டிய வீடு என்றால், பேஸ்மென்டில் ஃபர்னசுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நான்கு பருத்த குழாய்கள் போகும். வீட்டைக் கையளித்த அன்று பில்டரின் ஆள் அதைக் கைகாட்டி ஏதோ சொல்லியிருப்பார். ஆயிரம் அலுவலுக்கு நடுவே யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? ரொறன்ரோப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்தப் பெட்டியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை.

அந்தப் பெட்டி என்ன? அதுவும் ஒரு ஹீட்டரா?

இல்லை. அதற்குள் நெருப்பு இல்லை, கேஸ் குழாயும் அதற்குப் போவதில்லை. விசிறிகள், ஒரு வெப்பமாற்றி, இரண்டு ஃபில்டர், தண்ணீர் வடிய ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். வீட்டிலுள்ள பழைய காற்றை வெளியே தள்ளி, அதே அளவு புதுக் காற்றை வெளியிலிருந்து இழுக்கிறது. போகிற காற்றில் இருக்கும் சூட்டைப் பிடித்து, வருகிற குளிர் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. இதைத்தான் எச்.ஆர்.வி. (ஹீட் ரிகவரி வென்டிலேட்டர், அதாவது சூட்டை மீட்கும் காற்றோட்டக் கருவி) என்கிறோம்.

ஆகவே "எச்.ஆர்.வி. வீட்டைச் சூடாக வைத்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. அது புதிதாகச் சூடு எதையும் உண்டாக்குவதில்லை. ஃபர்னஸ் காசு செலவழித்து உண்டாக்கிய சூட்டை, காற்று மாற்றும்போது வீணாகப் போகவிடாமல் தடுக்கிறது.

போகிற காற்றும் வருகிற காற்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாதா?

கலக்காது. வெப்பமாற்றி என்பது மெல்லிய பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடுகளைச் சிறு இடைவெளி விட்டு அடுக்கிய ஒரு கட்டி. ஓர் இடைவெளியில் அழுக்குக் காற்று வெளியே போகும், அடுத்ததில் புதுக் காற்று உள்ளே வரும், அதற்கடுத்ததில் மறுபடி அழுக்குக் காற்று. நடுவில் தகடு இருப்பதால் காற்று தாண்டாது, சூடு மட்டும் தாண்டும்.

இரண்டு காற்றும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் ஓடினால், நடுவில் ஏதோ ஒரு வெப்பநிலையில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேல் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை. பாதிச் சூட்டுக்கு மேல் மீட்க முடியாது. எதிரெதிராக ஓடவிட்டால் கதையே வேறு. வெளியேறப்போகும் காற்று, தன்னிடம் மிச்சமிருக்கும் கடைசிச் சூட்டையும் அப்போதுதான் உள்ளே நுழையும் மிகக் குளிர்ந்த காற்றுக்குக் கொடுக்கும். உள்ளே வரும் காற்று, வெப்பமாற்றியைத் தாண்டி வரும்போது வீட்டின் சூட்டை ஏறக்குறைய எட்டிவிடும். ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் வகை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. விலை குறைந்த பெட்டிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

எவ்வளவு சூடு மிச்சம்? கணக்காகச் சொல்ல முடியுமா?

முடியும். ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.34 வாட்-மணி வேண்டும். ஒரு நடுத்தர வீட்டுக்கு நிமிடத்துக்கு 60 கனஅடி புதுக் காற்று என்று வைப்போம். அது மணிக்கு 102 கனமீட்டர். உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 10 என்றால் வித்தியாசம் 31 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 1,000 வாட்டுக்குச் சற்று மேலே வரும். அதாவது, வெப்பமாற்றி இல்லாமல் வெறும் விசிறி வைத்துக் காற்றை மாற்றினால், ஒரு சிறிய மின் ஹீட்டரை இரவு பகலாக எரியவிடுவதற்குச் சமமான சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

75 சதவீதம் மீட்கும் எச்.ஆர்.வி. இருந்தால் அந்த இழப்பு 270 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு நாளில் மிச்சமாவது 19 கிலோவாட்-மணிக்குக் குறையாது. நவீன ஃபர்னசில் அது ஏறக்குறைய 2 கனமீட்டர் கேஸ். உங்கள் கேஸ் பில்லே கனமீட்டரில்தான் வருகிறது, விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். பெட்டியின் விசிறிகள் தின்னும் மின்சாரத்தைக் கழிக்கவும் மறக்க வேண்டாம்.

யன்னலைத் திறந்தால் போதாதா? எங்கள் பழைய வீட்டில் இப்படி ஒன்றுமே இருக்கவில்லையே.

பழைய வீட்டில் கேட்காமலே காற்று வந்து போனது. யன்னல் ஓரம், கதவடி, பிளக் துளை, கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு என்று நூறு வழி. அந்த வீடுகளுக்கு எச்.ஆர்.வி. தேவைப்படாததற்குக் காரணம், அவை கேஸ் பில்லில் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான். காற்றடிக்கிற நாளில் தேவைக்கு அதிகமாகக் காற்று நுழையும், அமைதியான நாளில் ஒன்றுமே வராது.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்த ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினார்கள். கனடாவுக்கு இதில் பெருமைப்பட ஒரு இடம் இருக்கிறது. சஸ்காச்சுவன் மாகாணத்தின் ரெஜைனா நகரில் 1977ல் ஒரு சோதனை வீடு கட்டினார்கள். தடித்த சுவர், காற்றுப் புகாத கட்டுமானம், ஃபர்னசே கிடையாது. ஹரோல்ட் ஓர் என்ற பொறியாளரும் அவரோடு இருந்தவர்களும் வடிவமைத்தது. அவ்வளவு இறுக்கமாக மூடிய வீட்டில் மனிதர்கள் மூச்சுவிட வேண்டுமே? அதற்காகக் காற்றிலிருந்து காற்றுக்குச் சூட்டை மாற்றும் கருவி ஒன்றையும் அதில் பொருத்தினார்கள். கனடிய அரசு 1982ல் சூட்டை வீணாக்காத வீடுகளுக்கென ஆர்-2000 என்ற தரத்தைக் கொண்டுவந்தபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. மிகக் குறைந்த சூட்டிலேயே ஓடும் வீடுகளுக்கு பாசிவ் ஹவுஸ் என்று பெயர்; ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் அப்படி முதல் வீடு எழுந்தது 1991ல். இன்று பாசிவ் ஹவுஸ் தரம் குறைந்தது 75 சதவீத மீட்பைக் கேட்கிறது.

சரி, யன்னலுக்கு வருவோம். திறக்கலாம், தவறில்லை. மீன் பொரித்த அன்று பத்து நிமிடம் திறந்துவிடுவது நல்ல யோசனைதான். ஆனால் ஜனவரி இரவில், பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறையில் யார் யன்னலைத் திறந்து வைக்கப்போகிறார்கள்? அந்த எட்டு மணி நேரத்தில்தான் கரியமில வாயு ஏறுகிறது. வீட்டுக்குள் அது நீண்ட நேரச் சராசரியாக 1,000 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு) மேல் போகக்கூடாது என்பது ஹெல்த் கனடாவின் வரம்பு. கதவு பூட்டிய படுக்கையறையில் இரண்டு பேர் தூங்கினால் அதைத் தாண்டுவது மிகச் சுலபம். காலையில் தலை பாரமாக இருப்பதற்கு எப்போதும் சளி காரணமாக இருக்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் எச்.ஆர்.வி.யை நிறுத்தினால் பில் குறையுமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கொஞ்சம் குறையும், அது உண்மைதான். மீட்க முடியாமல் போகும் அந்த 270 வாட்டும் மிச்சம், விசிறியின் மின்சாரமும் மிச்சம். ஆனால் பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள குடும்பம் மூச்சு, குளியல், சமையல், துணி எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பத்து லீட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக வீட்டுக்குள் விடும். சோறும் கறியும் நாள்தோறும் அடுப்பில் கொதிக்கிற நம் வீடுகளில் அது குறையப்போவதில்லை. மழைக்குளிரில் பேஸ்மென்டில் கயிறு கட்டித் துணி காயப்போடும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ஈரம் பழைய வீட்டில் இடுக்குகள் வழியாகப் போனது. புது வீட்டில் அதற்கு வழி கிடையாது. அது போய்ச் சேருவது யன்னல் கண்ணாடி, அலுமாரிக்குப் பின்னாலுள்ள வெளிச்சுவர், பேஸ்மென்டின் மூலை. மார்ச் மாதம் அலுமாரியை நகர்த்திப் பார்த்தால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதைச் சுரண்டி, சுவரை வெட்டி, பெயின்ட் அடிக்கிற செலவுக்கு முன்னால் கேஸ் பில்லில் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை.

குளிர்காலம்தான் இந்தப் பெட்டி ஓட வேண்டிய காலம். நிறுத்துவதாக இருந்தால் கோடையில் நிறுத்துங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

யன்னல் கண்ணாடி வியர்க்கிறது. யன்னல் பழுதா?

பெரும்பாலும் யன்னல் நன்றாகத்தான் இருக்கும், காற்றில்தான் ஈரம் கூடியிருக்கும். 21 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் பூக்கும். ஈரப்பதத்தை 40 சதவீதமாக இறக்கினால் 7 டிகிரி வரை தாங்கும். கண்ணாடியின் கீழ் ஓரம் குளிர்ந்த நாளில் அதற்கும் கீழே போகும். அதனால்தான் கடும் குளிரில் 30 சதவீதம் போதும் என்கிறார்கள். பத்துப் பதினைந்து டொலருக்கு ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் கிடைக்கும். ஒன்றை வாங்கி வையுங்கள்.

எச்.ஆர்.வி. எப்படி ஈரத்தைக் குறைக்கிறது? மைனஸ் 10 டிகிரிக் காற்று கனமீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகமான தண்ணீரைத்தான் சுமக்கும். அதே காற்று உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை சுமக்கும் பலம் வந்துவிடும். அப்படிக் காய்ந்த காற்று வந்து, ஈரமான காற்று வெளியே போகிறது.

சில வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கும். ஃபர்னசில் பூட்டிய ஹியூமிடிஃபையர் ஈரத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும், எச்.ஆர்.வி. அதை இறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். கண்ணாடி வியர்க்கும் வீட்டில் முதலில் ஹியூமிடிஃபையரை அணையுங்கள்.

வென்ட்டில் குளிர் காற்று வருகிறதே, பழுதாகிவிட்டதா?

அவசியமில்லை. மேலே போட்ட கணக்கையே எடுங்கள்: மைனஸ் 10ல் வந்த காற்று, 75 சதவீத மீட்புக்குப் பிறகு 13 டிகிரியில் உள்ளே வரும். உறைகுளிருக்கு அது பெரிய முன்னேற்றம், ஆனால் முகத்தில் பட்டால் குளிரத்தான் செய்யும். இங்கே பல வீடுகளில் புதுக் காற்றை ஃபர்னஸுக்குத் திரும்பும் குழாயில் கலந்துவிடுவார்கள், அதனால் தெரிவதில்லை. ஆனால் அப்படிப் பூட்டிய வீட்டில், எச்.ஆர்.வி. ஓடும்போதெல்லாம் ஃபர்னசின் விசிறியும் ஓட வேண்டும். பழைய வகை மோட்டர் என்றால் அந்த விசிறி, எச்.ஆர்.வி.யைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மின் பில் ஏறியதற்கு எச்.ஆர்.வி.யைத் திட்டுகிறவர்கள் அந்த மோட்டரைப் பார்ப்பதில்லை.

வெளியே சாதாரணக் குளிராக இருக்கும்போதே உறைகிற காற்று வருகிறது என்றால் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் சமமாக இல்லாமல் இருக்கலாம்.

மைனஸ் 20ல் அதற்குள் பனி உறைந்துவிடாதா?

உறையும். போகிற காற்றின் ஈரம் வெப்பமாற்றியின் குளிர்ந்த மூலையில் முதலில் தண்ணீராகும், பிறகு பனியாகும். அதனால் கனடாவில் விற்கும் பெட்டிகளில் பனி உருக்கும் ஏற்பாடு இருக்கும். வெளியே மைனஸ் 5க்குக் கீழே போனதும், சில நிமிடங்களுக்கு வெளிக் காற்றின் வழியை ஒரு தகடு மூடிக்கொள்ளும். வீட்டின் சூடான காற்றே உள்ளே சுற்றிப் பனியை உருக்கும். குளிர் கூடக்கூட இது அடிக்கடி நடக்கும். அப்போது சத்தம் மாறும், அதற்காகப் பயந்து யாரையும் கூப்பிட வேண்டாம். உருகிய தண்ணீர் அந்த மெல்லிய குழாய் வழியாகத் தரை வடிகாலுக்குப் போகும். குழாய் மடங்கி அடைபட்டால் பெட்டிக்குக் கீழே ஈரம் தெரியும்.

எச்.ஆர்.வி.யா, ஈ.ஆர்.வி.யா?

ஈ.ஆர்.வி. (எனர்ஜி ரிகவரி வென்டிலேட்டர்) இதே மாதிரிப் பெட்டிதான், ஆனால் அதன் வெப்பமாற்றியில் தகட்டுக்குப் பதில் ஒரு வகைச் சவ்வு இருக்கும். அது சூட்டோடு கொஞ்சம் ஈரத்தையும் தாண்டவிடும். குளிர்காலத்தில் வீடு அளவுக்கு மீறிக் காயாது, கோடையில் வெளிப் புழுக்கம் முழுதாக உள்ளே வராது.

என் கருத்து: பெரிய வீட்டில் இரண்டே பேர், தோலும் உதடும் வெடிக்கிறது என்றால் ஈ.ஆர்.வி. நல்லது. அம்மா அப்பாவோடு ஆறு பேர், இரண்டு நேரமும் சமையல் என்றால் எச்.ஆர்.வி.தான் ஈரத்தை வேகமாக வெளியேற்றும். கடைக்காரர் எல்லாருக்கும் ஈ.ஆர்.வி.தான் புதுசு என்று சொன்னால், வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டாரா என்று யோசியுங்கள்.

தாளிக்கிற புகையை எச்.ஆர்.வி. எடுக்குமா?

எடுக்காது, எடுக்கவும் விடக்கூடாது. அடுப்புக்கு மேலே வெளியே போகும் புகைபோக்கி விசிறி தனியாக வேண்டும். எண்ணெய்ப் புகை எச்.ஆர்.வி.க்குள் போனால் வெப்பமாற்றியில் பிசுக்காகப் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும், நெருப்புக்கும் ஆபத்து. குசினியில் எச்.ஆர்.வி. இழுக்கும் வாய் இருந்தால், அது அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மேலே இருக்க வேண்டும். துணி காயவைக்கும் டிரையரின் குழாயையும் இதில் பூட்டவே கூடாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பலமான புகைபோக்கி ஓடும்போது வீட்டுக் காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது, அதை எச்.ஆர்.வி. ஈடுகட்டாது. பழைய மாதிரி கேஸ் வாட்டர் ஹீட்டரோ விறகு அடுப்போ இருந்தால், அதன் புகை திரும்பி வீட்டுக்குள் வரக்கூடும். காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் உள்ள கன்ட்ரோலை எதில் வைப்பது?

குளிர்காலத்தில் குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓடவிடுவதே நல்லது. மணிக்கு 20 நிமிடம் ஓடி 40 நிமிடம் நிற்கும் நிலை, ஆள் குறைந்த வீட்டுக்கோ பகலில் எல்லாரும் வேலைக்குப் போகும்போதோ போதும். ஈரப்பதம் வைக்கும் குமிழ் இருந்தால், குளிர் கூடும்போது அதை இறக்கிக்கொண்டு போங்கள். குளியலறைப் பொத்தானை அழுத்தினால் குறிப்பிட்ட நேரத்துக்கு வேகமாக ஓடும், பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

கோடையில்?

வெளியே புழுங்கும் நாளில் ஏசியும் எச்.ஆர்.வி.யும் ஒன்றாக ஓடினால், ஏசி உலர்த்திய வீட்டுக்குள் இது ஈரத்தைக் கொண்டுவரும். அந்த நாட்களில் குறைத்து வைக்கலாம், யன்னல் திறக்கும் நாட்களில் முழுதாக நிறுத்தலாம்.

காட்டுத்தீப் புகை வேறு விஷயம். 2023 ஜூனில் ரொறன்ரோ வானம் மங்கியபோது பலர் யன்னல்களையெல்லாம் இறுக மூடிவிட்டு, எச்.ஆர்.வி.யை மறந்துவிட்டார்கள். அது வெளிக் காற்றை அமைதியாக இழுத்துக்கொண்டே இருந்தது. பெட்டியில் வரும் சாதாரண ஃபில்டர் இலை, பூச்சி, பெரிய தூசியைத்தான் பிடிக்கும். புகைத்துகளுக்கு அது வலை இல்லாத வாசல். புகை நாளில் நிறுத்துங்கள், அல்லது உள்ளேயே சுற்றும் நிலையில் வையுங்கள். ஃபர்னசில் நுண்ணிய துகளையும் பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபில்டர் போட்டு அதன் விசிறியை ஓடவிடுவது உதவும்.

எப்படித் துப்புரவு செய்வது?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கதவைத் திறந்தால் இரண்டு ஃபில்டர் தெரியும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவற்றை வெக்வம் பண்ணி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடலாம். வெப்பமாற்றியை வருடத்துக்கு ஒரு தடவை வெளியே இழுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ஆனால் அது எச்.ஆர்.வி.க்கு. ஈ.ஆர்.வி.யின் சவ்வை நனைத்தால் பாழாகிவிடக்கூடும். கையேடு அனுமதித்தால் ஒழிய வெக்வத்தோடு நிறுத்துங்கள். கழற்றுமுன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் மறப்பது வெளிச்சுவரில் உள்ள வாயை. உள்ளே இழுக்கும் வாயின் கம்பி வலையில் பஞ்சும் இலையும் டிரையர்த் தூசும் அப்பிக்கொள்ளும். அது அடைபட்டால் பெட்டி வெளியே மட்டும் தள்ளும், வீடு இடுக்குகள் வழியாகக் குளிரை உறிஞ்சும். குளிர்காலத்தில் அந்த வாயை மறைக்கும் அளவுக்குப் பனியைக் குவிக்காதீர்கள். அதன் பக்கத்தில் காரை ஓடவிட்டு நிறுத்துவதும் கூடாது.

பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர்கள் சமைக்கும் வாசம் மேலே வருவது எச்.ஆர்.வி.யாலா?

பெரும்பாலும் ஃபர்னசால். ஒரே ஃபர்னஸ் இரண்டு வீட்டுக் காற்றையும் இழுத்துக் கலந்து திரும்ப அனுப்புகிறது. கீழே தனிப் புகைபோக்கி போட்டால்தான் தீரும்.

பழைய வீட்டில் புதிதாகப் பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் ஓட்டையை அடைக்கிற வேலைதான் முதலில். காற்று தானாகவே புகுந்து வெளியேறும் வீட்டில், எச்.ஆர்.வி. வழியாகப் போவது அதில் ஒரு பங்குதான். மீதி சூடு பழைய வழியிலேயே போகும். யன்னல், கதவு மாற்றி, அட்டிக்கில் இன்சுலேஷன் போட்ட பிறகு கண்ணாடி வியர்க்கத் தொடங்கினால், வீடு இப்போது தயார் என்று அர்த்தம்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய சதவீதத்தில் மயங்க வேண்டாம். இந்தக் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் எச்.வி.ஐ. (ஹோம் வென்டிலேட்டிங் இன்ஸ்டிடியூட்) அமைப்பின் பட்டியலில் 0 டிகிரியிலும் மைனஸ் 25லும் அளந்த மீட்பு தனித்தனியாக இருக்கும். நமக்கு இரண்டாவதும் முக்கியம். பூட்டி முடிந்ததும் உள்ளே வரும் காற்றையும் வெளியே போகும் காற்றையும் கருவி வைத்து அளந்து சமப்படுத்தச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் அந்த இரண்டு எண்களையும் எழுதித் தருவார். அந்தத் தாளைப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தால், அடுத்து வருகிறவருக்கும் உதவும்.